பள்ளி டிஸ்ட்ரிக்டின் மாத மடல்: பே ஏரியா தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு நீண்ட மின்மடல் வரும். அன்று சாயங்காலம் எங்கள் அபார்ட்மெண்ட் பூங்காவில், ஊஞ்சல் ஓரமாக நிற்கும் அம்மா அப்பாக்களிடமிருந்து அதே கேள்விகள் வரும். பதினோரு வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இதில் உள்ளவை கலிஃபோர்னியா விதிகள். டெக்ஸஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் உறவினருக்கு அப்படியே அனுப்பிவிடாதீர்கள், அங்கே வேறு கதை.

அக்கா, முதல்ல இந்த டிஸ்ட்ரிக்ட்னா என்ன? நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா?

இல்லை. நம் ஊரில் மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர், முதன்மைக் கல்வி அலுவலர், மேலே சென்னையில் துறை என்று போகும். இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது பள்ளிகளை நடத்துவதற்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு. ஊராட்சிக்குத் தேர்தல் நடப்பது போல இதற்கும் நடக்கும். ஜெயித்து வருகிற போர்டு உறுப்பினர்கள் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியாக ஒரு சூப்பரிண்டெண்டென்டை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். மாத மடலின் தலைப்பில் சிரித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் அவர்தான்.

நகர எல்லையும் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சான்டா கிளாரா கவுன்டியில் மட்டும் முப்பதுக்கு மேல் டிஸ்ட்ரிக்டுகள். சன்னிவேலில் வீடு என்றால் பெரும்பாலும் எட்டாவது வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஒன்பதாவதிலிருந்து இன்னொன்று. அந்த உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டின் பெயர் ஃப்ரீமான்ட் யூனியன். ஆனால் அது ஃப்ரீமான்ட் நகரத்தில் இல்லை. அங்கே இருப்பது ஃப்ரீமான்ட் யூனிஃபைட். வாடகைக்கு வீடு பார்க்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

தினம் ஒரு மெயில் வருதே, எதைத்தான் படிக்கிறது?

அனுப்புவது நாலு பேர்: டிஸ்ட்ரிக்ட், பள்ளி ப்ரின்சிபல், வகுப்பு டீச்சர், பிடிஏ என்ற பெற்றோர் ஆசிரியர் சங்கம். டீச்சர் அனுப்புவதை முழுசாகப் படியுங்கள். ப்ரின்சிபல் மடலில் தேதிகளைப் பாருங்கள். பிடிஏ மடல் பெரும்பாலும் பீட்சா விற்பனையும் தன்னார்வலர் தேவையும்தான்.

டிஸ்ட்ரிக்டின் மாத மடலைப் படிக்க ஒரு தனி வழி இருக்கிறது. மேலே பெரிய படத்தோடு இருக்கிற பரிசளிப்பு விழா, ரோபாடிக்ஸ் வெற்றி எல்லாவற்றையும் தாண்டிக் கீழே வாருங்கள். படமே இல்லாமல், சின்ன எழுத்தில், ‘அறிவிப்பு’, ‘ஆண்டு உரிமைகள்’, ‘படிவம்’, ‘கடைசி நாள்’ என்று வருகிற வரிகள்தான் சமாச்சாரம். அவை இரண்டு வகை. நாம் சும்மா இருந்தால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வது ஒன்று. சும்மா இருந்தால் வரவேண்டியது வராமல் போவது இன்னொன்று. எது எந்த வகை என்று கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஸ்பானிஷ்ல வருது, சைனீஸ்ல வருது, தமிழ்ல ஏன் வர மாட்டேங்குது?

ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை, கணக்குதான். ஒரு பள்ளியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ மாணவர்கள் வீட்டில் ஒரே மொழி பேசினால், அந்த மொழியிலும் பெற்றோருக்குக் கடிதங்கள் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நாம் எவ்வளவு பேர் இருந்தாலும் தெலுங்கு, இந்தி, கன்னடம், குஜராத்தி என்று பிரிந்துவிடுகிறோம். தமிழ் மட்டும் 15 சதவீதம் தொடும் பள்ளி அபூர்வம்.

ஆனால் ஒன்று. சிறப்புக் கல்விக் கூட்டமோ, ஒழுங்கு நடவடிக்கையோ, இப்படி முக்கியமான விஷயம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை எந்த மொழிக்காரருக்கும் உண்டு. அதற்கு இந்த 15 சதவீதக் கணக்கு கிடையாது. முன்கூட்டியே கேளுங்கள், கூட்டத்துக்கு முந்தின நாள் கேட்டால் கிடைப்பது கஷ்டம். பள்ளிச் செய்திகள் வரும் செயலியில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் இயந்திர மொழிபெயர்ப்பு வரும். தாத்தா பாட்டிக்கு அது போதும். நான் பார்த்த ஒன்றில் ஸ்பிரிங் பிரேக், அதாவது வசந்த கால விடுமுறை, ‘சுருள்வில் உடைப்பு’ ஆகியிருந்தது. தேதியை மட்டும் நம்புங்கள்.

மினிமம் டே, ஸ்டாஃப் டெவலப்மெண்ட் டே, ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மினிமம் டே என்றால் பள்ளி உண்டு, சீக்கிரம் விட்டுவிடுவார்கள். ஸ்டாஃப் டெவலப்மெண்ட் டே அன்று டீச்சர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகளுக்கு லீவு. இது போக, பல பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாள் வழக்கமாகவே சீக்கிரம் முடியும்.

என் பெரியவன் முதலாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மினிமம் டேயை மறந்துவிட்டு இரண்டரை மணிக்குப் போனேன். மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆபீஸில் நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். “ஐ வாஸ் தி லாஸ்ட் கிட், அம்மா” என்றான். அன்றிலிருந்து, ஆகஸ்டில் வருஷ காலண்டர் வந்ததும் அன்றைக்கே எல்லாத் தேதியையும் போனில் ஏற்றிவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள், மடலை நம்பி இருக்காதீர்கள்.

ஆகஸ்ட்ல ‘டேட்டா கன்ஃபர்மேஷன்’னு ஒண்ணு வருது. போன வருஷமே எல்லாம் கொடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு?

இதை முடிக்காவிட்டால் சில பள்ளிகளில் டீச்சர் பெயரோ டைம் டேபிளோ கண்ணில் காட்ட மாட்டார்கள். அதற்காகவாவது செய்துவிடுவோம். ஆனால் அதில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது அவசரத் தொடர்புப் பட்டியல். பிள்ளையை யாரெல்லாம் அழைத்துப் போகலாம் என்பது அதில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் தாத்தா பெயர் அதில் இல்லையென்றால், பேரன் “தாத்தா!” என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாலும் ஆபீஸில் விட மாட்டார்கள். பெயரைச் சேருங்கள். அவர் வரும்போது பாஸ்போர்ட்டோ வேறு படம் போட்ட அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். பாஸ்போர்ட்டில் இரண்டும் இடம் மாறியிருந்தால் டீச்சர் பிள்ளையை வருஷம் முழுக்க அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். படிவத்தில் ‘அழைக்க விரும்பும் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பினால் தீர்ந்தது.

ஹோம் லாங்குவேஜ் சர்வேல தமிழ்னு போட்டேன். இப்ப பிள்ளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட் வைக்கிறாங்களாம். இங்கிலீஷ்னே போட்டிருக்கணுமோ?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருவது இதுதான். கூடவே, குற்ற உணர்ச்சியோடு கேட்கப்படுவதும் இதுதான். அந்தப் படிவத்தில் நாலு கேள்வி. பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசும் மொழி எது, நீங்கள் பிள்ளையிடம் பேசும் மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் மொழி எது. முதல் மூன்றில் எதற்காவது ஆங்கிலம் அல்லாத மொழியைச் சொன்னால், பள்ளியில் சேர்ந்த 30 நாளுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள்.

தேர்வில் ஆங்கிலம் சரளம் என்று வந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் ‘இங்கிலீஷ் லர்னர்’ என்று குறிப்பார்கள். நாளில் கொஞ்ச நேரம் ஆங்கிலத்துக்கென்று தனிப் பயிற்சி கிடைக்கும். இது தண்டனை இல்லை. 1974-இல் சான் ஃப்ரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக நடந்த லாவ் வழக்கில், மொழி புரியாத பிள்ளையை வகுப்பில் வெறுமனே உட்கார வைப்பது சம வாய்ப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பயிற்சிக்கெல்லாம் பின்னணி அதுதான்.

பொய்யாக ஆங்கிலம் என்று போடுங்கள் என்று சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பில் ‘மே ஐ கோ டு தி ரெஸ்ட்ரூம்’ கேட்கத் தெரியாமல் தவிப்பதை விட இருபது நிமிடத் தனிப் பயிற்சி மேல். நாமே தமிழை மறைத்துவிட்டு, தமிழில் ஏன் மடல் வரவில்லை என்று கேட்பதும் வேடிக்கைதான்.

சரி, அந்த ‘இங்கிலீஷ் லர்னர்’ முத்திரை எப்பதான் போகும்? மிடில் ஸ்கூல் வந்தும் இருக்கே!

தானாகப் போகாது. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் எல்பேக் மறுபடி வைப்பார்கள். மொத்த மதிப்பீடு 4 வர வேண்டும். அதோடு டீச்சரின் கருத்து, பெற்றோரிடம் கலந்து பேசுவது, அடிப்படைத் திறனில் அதே வயது ஆங்கிலப் பிள்ளைகளோடு ஒப்பீடு, இவை எல்லாம் சேர்ந்துதான் வெளியே விடுவார்கள். வெளியே வந்த பிறகும் நாலு வருஷம் கண்காணிப்பு உண்டு.

நம் பிள்ளைகள் பேச்சில் சுலபமாகத் தேறிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது எழுத்தில். தேர்வு கணினியில் நடக்கும். இரண்டு வரி எழுதிவிட்டு ‘அடுத்தது’ அழுத்திவிடுகிற அவசரக்காரப் பிள்ளைக்கு 4 வராது. மிடில் ஸ்கூலில் இது முக்கியம், ஏனென்றால் சில பள்ளிகளில் தனிப் பயிற்சி வகுப்பு வந்து இசை, ஓவியம் மாதிரி ஒரு விருப்பப் பாடத்தைத் தின்றுவிடும். ஐந்தாம் வகுப்பிலேயே டீச்சரிடம் மதிப்பெண் விவரம் கேட்டு, எதில் குறைகிறது என்று பாருங்கள்.

மதிய சாப்பாடுதான் எல்லாருக்கும் ஃப்ரீயாச்சே, அப்புறம் வருமானப் படிவம் எதுக்கு?

2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் காலை, மதியம் இரு வேளை உணவும் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். காமராஜர் மதிய உணவையும் எம்ஜிஆர் சத்துணவையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிது இல்லை. அமெரிக்க மாநிலங்களில் கலிஃபோர்னியாதான் முதலில் செய்தது.

படிவம் சாப்பாட்டுக்கு இல்லை, நிதிக்கு. 2013-இல் வந்த நிதிச் சூத்திரப்படி குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலீஷ் லர்னர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளை, இவர்கள் ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாகக் கணக்கிடுகிறார்கள். ஒரே பிள்ளை இரண்டு வகையில் வந்தாலும் ஒரு முறைதான் எண்ணுவார்கள். இரண்டு பேரும் கணினி வேலையில் இருந்தால் உங்கள் படிவத்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நம்மவர்களிலும் மளிகைக் கடையில், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மேல்படிப்புக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன ‘சும்மா இருந்தால் வராமல் போவது’ வகை இது.

ஊர்ல எல்லா ஊசியும் போட்டாச்சு, கார்டு இருக்கு. ஆனா ஸ்கூல்ல பத்தாதுங்கிறாங்களே?

பெரும்பாலும் சிக்கல் இரண்டு இடத்தில். நம் ஊர் அரசு அட்டவணையில் இருப்பது எம்ஆர், அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும். இங்கே கேட்பது எம்எம்ஆர். கூடுதலாக உள்ள எம் பொன்னுக்கு வீங்கிக்கு. அடுத்தது சின்னம்மை ஊசி. அதுவும் அரசு அட்டவணையில் கிடையாது, தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால்தான் உண்டு. இங்கே கிண்டர்கார்டன் சேர எம்எம்ஆர் இரண்டு, சின்னம்மை இரண்டு வேண்டும். ஏழாம் வகுப்புக்கு டிடேப் என்று ஒரு பூஸ்டர். அதற்கான நினைவூட்டல் ஆறாம் வகுப்பு வசந்த காலத்து மடல்களிலேயே வந்துவிடும்.

2016 முதல், சொந்த நம்பிக்கை காரணமாக ஊசி வேண்டாம் என்று சொல்லும் வழி இந்த மாநிலத்தில் இல்லை. மருத்துவக் காரணம் மட்டும்தான். ஊரிலிருந்து கிளம்பும் முன் கார்டில் ஒவ்வொரு ஊசிக்கும் தேதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் பட்டு மை அழிந்த கார்டை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு மூணு வாரம் ஊருக்குப் போறோம். ஸ்கூல்ல சொல்லாம போனா என்ன ஆகும்?

கடிதம் வரும். தகுந்த காரணம் இல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் சட்டப்படி ‘ட்ரூயன்ட்’. அதைக் கணினியே அச்சடித்து அனுப்பிவிடும். படித்தால் போலீஸ் வரப்போகிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். பள்ளி நாட்களில் பத்து சதவீதம் வராமல் போனால் ‘நாள்பட்ட வருகைக் குறைவு’ என்ற கணக்கில் சேரும். வருஷத்துக்கு 180 நாள் என்றால் 18 நாள். மூன்று வாரப் பயணத்திலேயே பதினைந்து போய்விடுகிறது, ஒரு காய்ச்சல் வந்தால் முடிந்தது.

டிஸ்ட்ரிக்ட் ஏன் இதற்கு இவ்வளவு அலறுகிறது என்றால், கலிஃபோர்னியாவில் பள்ளிக்கு மாநிலப் பணம் வருவது பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை எண்ணி இல்லை, அன்றாடம் வந்த பிள்ளைகளின் சராசரியை எண்ணி. காய்ச்சலோ கல்யாணமோ, வராத நாளுக்குப் பணம் இல்லை. வழி என்னவென்றால் ‘இண்டிபெண்டன்ட் ஸ்டடி’. கிளம்புவதற்கு முன் கையெழுத்துப் போட்டு, பாடங்களை வாங்கிப் போய், முடித்துக் கொண்டுவந்து கொடுத்தால் வருகையாக எண்ணுவார்கள். எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும் என்பது டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். டிக்கெட் எடுத்த அன்றே ஆபீஸில் கேளுங்கள். நீண்ட நாள் தகவல் இல்லாமல் போனால் பெயரை நீக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நெரிசலான பள்ளி என்றால் திரும்பி வரும்போது அந்த இடம் போயிருக்கலாம்.

தீபாவளி ஸ்டேட் ஹாலிடே ஆயிடுச்சாமே! லீவு உண்டா?

2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்டார், 2026-லிருந்து அது மாநில விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அன்று பள்ளியை மூடுவதா என்பதை அந்தந்த டிஸ்ட்ரிக்ட்தான் முடிவு செய்ய வேண்டும். காலண்டரைப் பாருங்கள். 2026 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை என்பது வேறு விஷயம்.

லீவு இல்லாவிட்டாலும், மதப் பண்டிகைக்காகப் பிள்ளை வராது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அதைத் தகுந்த காரணமாக ஏற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பணம் போகுமா என்றால் போகும், முந்தைய பதிலில் சொன்ன கணக்குதான். ஆனால் ட்ரூயன்ட் கடிதம் வராது.

பதினோரு மணிக்கு ‘செக்யூர் கேம்பஸ்’னு மெசேஜ் வந்தது, உயிரே போயிடுச்சு. ஓடிப்போய்க் கூட்டிட்டு வரலாமா?

போகாதீர்கள். முதலில் வார்த்தையைப் பாருங்கள். ‘செக்யூர்’ என்றால் ஆபத்து பள்ளிக்கு வெளியே, தெருவில் போலீஸ் யாரையோ தேடுகிறது என்கிற மாதிரி. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடக்கும். ‘ஷெல்டர் இன் ப்ளேஸ்’ என்றால் காற்றில் புகை, ரசாயனம் போன்றவை. ‘லாக்டவுன்’தான் உள்ளேயே ஆபத்து இருக்கும்போது சொல்வது. வார்த்தைக்குப் பின்னால் ‘ட்ரில்’ என்று இருந்தால் ஒத்திகை. பாதிப் பேர் அந்தச் சொல்லைப் பார்ப்பதே இல்லை.

என் அப்பா இங்கே இருந்தபோது இப்படி ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு, செருப்பு மாற்றக்கூட நிற்காமல் வீட்டுச் செருப்போடு பள்ளிக்கு நடந்துவிட்டார். கேட் பூட்டியிருந்தது. வெளியே தெருவில், ஆபத்து என்று சொன்ன அதே இடத்தில், முக்கால் மணி நேரம் நின்றார். உள்ளே பேத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உண்மையான அவசரத்தில் பிள்ளைகளை ஓர் இடத்தில் வைத்து, அடையாள அட்டை பார்த்து ஒவ்வொருவராக ஒப்படைப்பார்கள். அந்த இடம் எது என்று செய்தியில் வரும். அப்போதும் ஆகஸ்டில் நிரப்பிய அதே பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

காஸ்ப் டெஸ்டுக்கு டியூஷன் வைக்கணுமா?

வேண்டாம். மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் நடக்கும் மாநிலத் தேர்வு அது. பிள்ளையின் கிரேடில் சேராது. அதை வைத்து யாரையும் ஃபெயில் ஆக்க மாட்டார்கள். முந்தின ராத்திரி சீக்கிரம் தூங்க வையுங்கள், போதும்.

செக்ஸ் எஜுகேஷன் பத்தி ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. நான் கையெழுத்தே போடலையே, அப்ப என் பொண்ணு அந்த வகுப்புல இருக்க மாட்டாதானே?

இருப்பாள். இது ‘சும்மா இருந்தால் சம்மதம்’ வகை. 2016-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மிடில் ஸ்கூலில் ஒரு முறையாவது, ஹைஸ்கூலில் ஒரு முறையாவது இந்தப் பாடம் நடத்த வேண்டும். பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவு செய்வதற்கு முன் பாடப் பொருளைப் பார்க்கக் கேளுங்கள், காட்டியாக வேண்டும். நான் பார்த்தேன். உடல் மாற்றம், நோய்த் தடுப்பு, யாராவது தொட்டால் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது, இப்படி நாம் வீட்டில் சொல்லத் தயங்குவதைத்தான் சொல்கிறார்கள். என் பெண்ணை இருக்கவிட்டேன். உங்கள் முடிவு உங்களுடையது.

இதே வகையில் இன்னொன்று ‘டைரக்டரி இன்ஃபர்மேஷன்’. பிள்ளையின் பெயர், வகுப்பு, படம் போன்றவற்றைப் பள்ளி வெளியே தரலாம், நீங்கள் மறுத்து எழுதாதவரை. ஹைஸ்கூலில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கும் பெயரும் போன் எண்ணும் போகும். “சார், உங்கள் பையனுக்கு ராணுவத்தில் விருப்பமா” என்று போன் வந்து ஆடிப்போன அப்பாக்கள் இருக்கிறார்கள். அந்த மறுப்புப் படிவமும் ஆகஸ்டில் வரும் படிவங்களுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஃபவுண்டேஷனுக்குப் பணம் கேட்டுக் கேட்டு மெயில். கொடுக்கலைன்னா பிள்ளையை ஒதுக்குவாங்களா?

மாட்டார்கள், கூடவும் கூடாது. இங்கே அரசுப் பள்ளி கட்டணம் வாங்கக் கூடாது. ஃபவுண்டேஷன் என்பது பள்ளிக்காக நன்கொடை திரட்டும் அமைப்பு, அதிலிருந்து வருவதெல்லாம் நன்கொடை வேண்டுகோள். பணம் கொடுக்கவில்லை என்பதற்காகச் சுற்றுலாவுக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. முடிந்தால் கொடுங்கள், அந்தப் பணத்தில்தான் பல இடங்களில் இசையும் ஓவியமும் நடக்கின்றன. உங்கள் கம்பெனி ஈடு நன்கொடை தருமா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் ஒன்று இரண்டாகும்.

மார்ச் மாசம் டீச்சர்களை வேலையை விட்டுத் தூக்கறாங்கன்னு மடல்ல வந்ததே, எங்க டீச்சரும் போயிடுவாங்களா?

அவசரப்பட்டு அழ வேண்டாம். அடுத்த வருஷம் யாரையாவது குறைக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால் மார்ச் 15-க்குள் முன்னறிவிப்பு கொடுத்துவிட வேண்டும், இறுதி அறிவிப்பு மே 15-க்குள் என்பது சட்டம். மாநில பட்ஜெட்டோ அதற்குப் பிறகுதான் தெளிவாகும். அதனால் டிஸ்ட்ரிக்டுகள் மார்ச்சில் கொஞ்சம் கூடுதலாகவே நோட்டீஸ் கொடுத்து வைக்கும், மே மாதத்தில் பல திரும்பப் பெறப்படும். அந்த இரண்டு மாதம் டீச்சர்கள் படுகிற பாடு வேறு. நன்றி சொல்லி ஒரு கார்டு எழுத அது நல்ல சமயம்.

நான் ஹெச்1பி விசா. போர்டு மீட்டிங்ல போய்ப் பேசலாமா? ஓட்டு போடலாமா?

பெரும்பாலான இடங்களில் ஓட்டு இல்லை, அது குடிமக்களுக்கு மட்டும். சான் ஃப்ரான்சிஸ்கோவில் பள்ளி போர்டு தேர்தலில் குடிமக்கள் அல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம். மடலில் ‘மெஷர்’ என்று ஏதாவது எழுத்தோடு வந்தால் அது வாக்கெடுப்பு. கட்டடத்துக்கான கடன் பத்திரம் என்றால் பொதுவாக 55 சதவீத ஆதரவு, நிலத் துண்டுக்கு இவ்வளவு என்று போடும் பார்சல் டேக்ஸ் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கடன் பத்திரப் பணத்தில் டீச்சர் சம்பளம் கொடுக்க முடியாது. “புது ஜிம் கட்டறாங்க, டீச்சரைத் தூக்கறாங்க” என்ற புகாருக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

பேசுவதற்கு விசா கேட்க மாட்டார்கள். வழக்கமான கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழில் பேசினால் இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. ஒரு முறை பள்ளி நேர மாற்றம் பற்றிப் பேசப் போனேன். கை நடுங்கியது, தாளில் எழுதியதில் பாதியைத்தான் வாசித்தேன், நேரம் முடிந்தது என்று காட்டும் விளக்கு சிவப்பாகிவிட்டது. ஆனால் அடுத்த மாத மடலில் அந்த விஷயத்துக்கு நாலு வரி விளக்கம் வந்தது.

வகுப்புல உதவி பண்ண போகலாம்னா டிபி டெஸ்ட் பாசிடிவ்னு வந்திடுச்சு! எனக்கு ஒண்ணும் இல்லையே?

பயப்படாதீர்கள். டிபி என்றால் காசநோய். சின்ன வயதில் அதைத் தடுக்க நமக்குத் தோளில் போட்ட பிசிஜி ஊசியால் தோல் பரிசோதனை பாசிடிவாகக் காட்டலாம். மருத்துவரிடம் பிசிஜி போட்டதைச் சொல்லி, ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள், அது பிசிஜியால் குழம்பாது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு எப்படியும் பரிசோதனை கேட்பார்கள் என்பதால் செப்டம்பரிலேயே முடித்து வைத்துவிட்டால், ஃபீல்ட் ட்ரிப் வரும்போது ஓட வேண்டியதில்லை. சில டிஸ்ட்ரிக்டுகள் கைரேகையும் கேட்கும்.

பையன் ஏழு வருஷமா வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போறான். ஹைஸ்கூல்ல அதுக்கு ஏதாவது உண்டா?

இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, சில டிஸ்ட்ரிக்டுகள் தமிழ்ப் பள்ளிப் படிப்பை வேற்றுமொழிப் பாடத்துக்கான கிரெடிட்டாக ஏற்கின்றன. எல்லாம் ஏற்பதில்லை. ஏற்றாலும் முன் அனுமதி கேட்கும் இடங்கள் இருப்பதால் எட்டாம் வகுப்பிலேயே பள்ளியின் கவுன்சிலரிடம், அதாவது ஆலோசகரிடம், கேளுங்கள். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் டிப்ளமாவில் ஒட்டும் இருமொழி முத்திரை. கலிஃபோர்னியா 2012-இல் தொடங்கியது, பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் திறமை காட்ட வேண்டும், அந்த இன்னொரு மொழி தமிழாக இருக்கலாம். தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்று டிஸ்ட்ரிக்டில் கேட்க வேண்டும்.

இந்த அறிவிப்பும் மாத மடலில் வரும், கீழே, படம் இல்லாமல். விண்ணப்பிக்கக் கடைசி நாள் பள்ளிக்குப் பள்ளி மாறும். பக்கத்து வீட்டுப் பையன் கிண்டர்கார்டனில் தமிழ் என்று எழுதியதால் ஆங்கிலத் தேர்வு எழுதியவன், பதினெட்டு வயதில் அதே தமிழுக்காக இந்த முத்திரை வாங்கினான். அவன் அம்மா இரண்டு தாள்களையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறார்.